அடுப்படியில் ஓர் அட்டை

1. பலப்பம் எங்கே போனது?

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கச் சுரங்கம் நடந்தது. சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே போய்க் குடியேறின. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. ஆனாலும் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. வரிசை வரிசையான சின்ன வீடுகளில் இன்றும் வாழ்கிறார்கள். அந்த வரிசையை 'லைன்' என்று சொல்வார்கள். விடிவதற்கு முன்பே பலர் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில் திரும்புகிறார்கள்.

அப்படி ஒரு லைனில் பெண்களுக்கு மாலை வகுப்பு நடந்தது. பன்னிரண்டு பேர் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆளுக்கு ஒரு சிலேட்டு. நடுவில் ஒரு பெட்டி நிறையப் பலப்பம்.

சில நாட்களாகப் பலப்பம் குறைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை ஒரு பெட்டி வைத்தால் வெள்ளிக்கிழமை பாதிதான் இருந்தது. பாடம் சொல்லித் தரும் தொண்டர் யாரையும் கேட்கவில்லை. பேசாமல் கவனித்தார்.

கோடி வீட்டு மருமகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுதிக்கொண்டே பலப்பத்தின் முனையைக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். அவளுக்கு அது ஐந்தாம் மாதம்.

வகுப்பு முடிந்தது. தொண்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பலப்பம் தின்றாயா அம்மா?"

அவள் தலை குனிந்தாள்.

"வாய் கேட்குதுக்கா. அடுப்புச் சாம்பலைப் பார்த்தாக்கூடத் தின்னத் தோணுது. மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொன்னாங்க."

தொண்டர் அவளுடைய கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்து இருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு வா" என்றார் தொண்டர்.

2. செவிலியர் சொன்னது

ஆஸ்பத்திரியில் செவிலியர் மருமகளின் ரத்தத்தைச் சோதித்தார். எடை பார்த்தார். பிறகு மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"நம் ரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அது மூச்சுக் காற்றில் உள்ள ஆக்சிஜனை உடம்பு முழுவதும் கொண்டு போகிறது. அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். கர்ப்பிணிக்கு அது 11 கிராமாவது இருக்க வேண்டும். உங்கள் மருமகளுக்கு 8 கிராம்தான் இருக்கிறது. இதற்கு ரத்தசோகை என்று பெயர்."

"மண் தின்பது, சாம்பல் தின்பது, பலப்பம் தின்பது எல்லாம் விளையாட்டு இல்லை அம்மா. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் பல பேருக்கு இந்த ஆசை வரும். ஆனால் அவற்றைத் தின்றால் சத்துக் கிடைக்காது. மண்ணோடு பூச்சி முட்டையும் வயிற்றுக்குள் போகும். இருக்கிற ரத்தத்தையும் பூச்சி குடித்துவிடும்."

ரத்தசோகை இருந்தால் தாய்க்கு எப்போதும் களைப்பாக இருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிரசவத்தின்போது ரத்தம் போவது வழக்கம். ரத்தம் நிறைய உள்ள தாய் அதைத் தாங்குவாள். ரத்தசோகை உள்ள தாய்க்கு அதுவே உயிருக்கு ஆபத்து ஆகலாம். குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறக்கலாம். எடை குறைவாகப் பிறக்கலாம். பிறக்கும்போது குழந்தை 2 கிலோ 500 கிராமுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை.

மருமகள் மெல்லச் சொன்னாள்.

"என் முதல் பிள்ளை 1 கிலோ 900 கிராம் இருந்துது. பதினோரு நாள்தான் இருந்துது."

யாரும் பேசவில்லை. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான்தான் கம்மியா சாப்பிடச் சொன்னேன்" என்றார் அவர். "வயிறு முட்டத் தின்னா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டம் ஆகும்னு என் மாமியார் சொன்னாங்க. இவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நானும் சொன்னேன்."

செவிலியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. நாடு முழுவதும் இந்தக் குறை இருக்கிறது. 2019 முதல் 2021 வரை அரசு ஒரு கணக்கு எடுத்தது. நம் நாட்டில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆனால் ஒன்று கேளுங்கள். சோறு போவது இரைப்பைக்கு. குழந்தை வளர்வது கருப்பையில். இரண்டும் வேறு வேறு பை. தாய் நன்றாகச் சாப்பிட்டால் குழந்தைக்கு இடம் குறையாது. சத்து இல்லாத தாய்க்குத்தான் பிரசவம் கஷ்டம்."

செவிலியர் இரும்பு மாத்திரை கொடுத்தார். பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார். கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்.

"மாத்திரை மட்டும் போதாது. சாப்பாடும் வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

3. ஆப்பிள் படம்

மறுநாள் வகுப்பில் இதே பேச்சு. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளின் உணவு பற்றி ஓர் அட்டை தொங்குகிறது என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்.

அட்டை அழகாக இருந்தது. எழுத்து கன்னடம். அவர்கள் கற்றது தமிழ் எழுத்து. அங்கன்வாடி டீச்சர் படித்துச் சொன்னார். படத்தில் ஒரு கூடை. கூடை நிறைய ஆப்பிள், திராட்சை, மாதுளை.

கீரை விற்கும் அக்கா சிரித்துவிட்டார்.

"காய்ச்சல்ல படுத்தாத்தான் எங்க வீட்டுக்கு ஆப்பிள் வரும். கர்ப்பமா இருந்தா யாரு வாங்கித் தருவாங்க?"

தையல் வேலை செய்யும் பெண் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"நமக்குத்தான் எழுத வருதே. நம்ம வீட்டுக்கு நாமே ஒண்ணு எழுதினா என்ன?"

தொண்டருக்கு மகிழ்ச்சி.

"எழுதலாம். ஆனால் என்ன எழுதுவது? முதலில் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்."

4. நேற்றுச் சாப்பிட்டது

கோடி வீட்டு மருமகள் எழுதிய தாள் இது.

காலை: டீ, ஒரு பன்.
மதியம்: சோறு, ரசம்.
சாயங்காலம்: டீ.
ராத்திரி: களி, மீந்த குழம்பு.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் வகுப்பு அமைதியானது.

"மீந்த குழம்பு என்றால்?" என்று தொண்டர் கேட்டார்.

"எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். அப்ப சட்டியில சாறுதான் இருக்கும். காய் இருக்காது."

மற்றவர்களும் தங்கள் தாளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இதையேதான் எழுதியிருந்தார்கள். இத்தனை நாளும் யாரும் இதைப் பற்றிப் பேசியது இல்லை. எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

அடுத்து, லைனிலும் சந்தையிலும் என்ன கிடைக்கிறது என்று கரும்பலகையில் எழுதினார்கள். கேழ்வரகு, அரிசி, துவரம் பருப்பு, பச்சைப் பயறு, கொள்ளு, அவரைக்கொட்டை, வேர்க்கடலை, முட்டை, கருவாடு, பால், மோர், முருங்கைக் கீரை, அரைக் கீரை, பூசணி, தக்காளி, கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை, வாழைப்பழம். எழுத எழுதப் பலகை நிறைந்தது.

"இவ்வளவு இருக்கா நம்மகிட்ட?" என்றாள் தையல்காரப் பெண்.

செவிலியர் ஒரு நாள் மாலை வகுப்புக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். எல்லாவற்றையும் மூன்று கூட்டமாகப் பிரித்தார்.

உழைக்கத் தெம்பு தருவது: அரிசி, கேழ்வரகு, வெல்லம், எண்ணெய்.

உடம்பை வளர்ப்பது: பருப்பு, பயறு, கொள்ளு, அவரைக்கொட்டை, வேர்க்கடலை, முட்டை, பால், மீன், கருவாடு.

நோய் வராமல் காப்பது: கீரை, காய், பழம்.

"ஒரு வேளைச் சாப்பாட்டில் மூன்று கூட்டத்திலிருந்தும் ஒன்றாவது இருக்க வேண்டும். சோறும் ரசமும் மட்டும் என்றால் ஒரு கூட்டம்தான் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் வரவில்லை" என்றார் செவிலியர்.

பிறகு அவர் கேழ்வரகைக் காட்டினார்.

"எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகக் குறைவு. களியைக் கேவலமாக நினைக்காதீர்கள். களியோடு கீரைக் குழம்பு இருந்தால் அது நல்ல சாப்பாடு."

"கீரையில், பயறில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. அதற்குத் துணை வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி எல்லாம் துணை செய்யும். டீயும் காபியும் தடுக்கும். அதனால் சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்."

ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்னு சொல்றாங்களே, ரெண்டு பங்கு சோறு தின்னணுமா?"

"இல்லை. வயிற்றில் இருப்பது சின்ன உயிர். அதற்குக் கொஞ்சம் கூடுதல் போதும். நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்று கணக்கு. கலோரி என்றால் உணவு தரும் தெம்பின் அளவு. அந்தக் கூடுதல் எவ்வளவு தெரியுமா? ஒரு முட்டை. ஒரு சின்ன டம்ளர் பால். ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். நல்ல உடம்பு உள்ள தாய்க்குப் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ எடை கூட வேண்டும்."

எல்லோரும் தங்கள் கைப்பிடியை மூடித் திறந்து பார்த்தார்கள். கூடுதல் உணவு என்றால் மலைபோல என்று நினைத்திருந்தார்கள். அது ஒரு கைக்குள் அடங்கியது.

5. டீக்கு ஓட்டு

பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் முதல் அட்டையைத் தயாரித்தார்கள். தையல்காரப் பெண் படம் வரைந்தாள். மற்றவர்கள் எழுதினார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் படம். சிவப்பு வட்டமாக இரும்பு மாத்திரை. ஒரு டீ டம்ளர், அதன் மேல் பெருக்கல் குறி. கீழே நிறைய எழுத்து.

"அருமையாக இருக்கிறது" என்றார் தொண்டர். "ஆனால் நமக்குப் புரிந்தால் போதாது. படிக்காதவர்களுக்கும் புரிகிறதா என்று பார்ப்போம்."

அட்டையை எடுத்துக்கொண்டு இட்லிக் கடைப் பாட்டியிடம் போனார்கள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்ன தெரியுது பாட்டி?" என்று மட்டும் கேட்டார்கள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பாட்டி டீ டம்ளரைக் காட்டினார்.

"டீக்கு ஓட்டுப் போடச் சொல்றீங்க. முத்திரை குத்தியிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். பாட்டி சொன்னது சரிதான். பாட்டி பல தேர்தலில் ஓட்டுச் சீட்டு வாங்கியவர். பிடித்த சின்னத்தின் மேல் முத்திரை குத்தியவர். அவருக்கு அந்தக் குறி 'இது வேண்டும்' என்று சொல்கிறது. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அதே குறி 'இது கூடாது' என்று சொல்கிறது.

பாட்டி சிவப்பு வட்டத்தைக் காட்டினார். "இது குங்குமப் பொட்டு" என்றார். தனியாகச் சாப்பிடும் பெண்ணைக் காட்டினார். "பாவம், யாரும் இல்லாத பொண்ணு" என்றார்.

அட்டையைக் கோடி வீட்டு மாமியாரிடமும் காட்டினார்கள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. இதுல நான் எங்கே?" என்று கேட்டார்.

"நீங்களா அத்தை?"

"ஆமாம். இவளை இதைத் தின்னு, அதைத் தின்னுன்னு சொல்றீங்க. சட்டி என் கையில இருக்கு. கரண்டி என் கையில இருக்கு. காசு என் மகன் கையில இருக்கு. எங்களைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையே?"

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டது அதுதான்.

6. இரண்டாம் அட்டை

மறுபடியும் உட்கார்ந்தார்கள். படத்தை மாற்றினார்கள். இப்போது படத்தில் மூன்று பேர். மாமியார் கரண்டியால் பரிமாறுகிறார். மருமகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். கணவன் கையில் கீரைக் கட்டோடு வாசலில் நிற்கிறான். பெருக்கல் குறியை எடுத்துவிட்டார்கள். டீ டம்ளரைத் தட்டிலிருந்து தூரத்தில் வரைந்தார்கள். நடுவில் ஒரு கடிகாரம் வரைந்தார்கள். வட்டத்துக்குப் பதிலாக மாத்திரை அட்டையை அப்படியே வரைந்தார்கள். உள்ளங்கையில் ஒரு மாத்திரை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. எழுத்தைக் குறைத்தார்கள். பெரிதாக எழுதினார்கள்.

பல பிரதி எழுதும் முன்பு செவிலியரிடம் காட்டினார்கள். நல்ல வேளை. 'இரும்பு மாத்திரை தினமும் இரண்டு' என்று அதில் இருந்தது.

"உங்கள் தோழிக்கு ரத்தம் குறைவு. அதனால் அவளுக்கு இரண்டு கொடுத்தோம். ரத்தம் சரியாக உள்ள கர்ப்பிணிக்குத் தினமும் ஒன்று போதும். ஒருத்தருக்குச் சொன்ன மருந்தை எல்லோருக்கும் எழுதக் கூடாது" என்றார் செவிலியர். அந்த வரியைத் திருத்தினார்கள்.

அட்டை இப்படி முடிந்தது.

நம் வீட்டில் ஒரு தாய்

முதல் தட்டு அவளுக்கு.
தினமும் பருப்பு அல்லது பயறு. தினமும் கீரை. கொஞ்சம் எலுமிச்சை.
கூடுதலாக ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. முட்டை வேண்டாம் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல்.
இரும்பு மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம். எத்தனை என்று செவிலியர் சொல்வார்.
டீயும் காபியும் சாப்பாட்டோடு வேண்டாம்.
பகலில் 2 மணி நேரம் ஓய்வு. இரவில் 8 மணி நேரம் தூக்கம்.

மறுபடி இட்லிக் கடைப் பாட்டியிடம் காட்டினார்கள். பாட்டி படத்தைப் பார்த்தார்.

"மாமியார் முதல்ல மருமகளுக்குப் போடுறா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல மாமியார்" என்றார்.

7. கறுப்பு நிறம்

அட்டையை எங்கே மாட்டுவது? வகுப்பில் மாட்டலாம் என்றாள் ஒருத்தி. "வகுப்பிலயா சோறு பொங்குறோம்?" என்றார் மாமியார். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு போனார். அடுப்புக்கு மேலே, கரண்டி தொங்கும் ஆணியில் மாட்டினார். புகை படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றினார்.

தினமும் ராத்திரி மருமகள் அட்டையைப் படித்தாள். மாமியார் கேட்டார். ஒரு வாரத்தில் ஆறு வரியும் அவருக்கு மனப்பாடம் ஆனது. மகன் வேலை முடிந்து மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் இறங்கினால் வேர்க்கடலை வாங்காமல் வீட்டுக்கு வர முடியாது. மாமியார் வாசலிலேயே கையைப் பார்ப்பார்.

அங்கன்வாடியில் மதிய உணவும் இருந்தது. 2017 அக்டோபர் 2 அன்று கர்நாடக அரசு 'மாத்ருபூர்ணா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சோறு, சாம்பார், முட்டை, பால், கடலை மிட்டாய் தரும் திட்டம் அது. முன்பு மாமியார் மருமகளை அங்கே அனுப்பவில்லை. "வீட்டுல சோறு இல்லையான்னு ஊர் கேட்கும்" என்று சொல்லியிருந்தார். இப்போது அவரே முதல் நாள் கூடப் போனார்.

"இது பிச்சை இல்லை. பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு" என்று வழியில் பார்த்தவர்களிடம் சொன்னார்.

எல்லாம் சரியாக நடக்கும்போது ஒரு பயம் வந்தது. மருமகளுக்கு மலம் கறுப்பாகப் போனது. மாத்திரை உடம்புக்கு ஆகவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் தொண்டருக்குத் தெரிந்தது. எல்லோரும் செவிலியரிடம் ஓடினார்கள்.

"உடம்பு எடுத்துக்கொண்டது போக மீந்த இரும்பு வெளியே வருகிறது. அதுதான் கறுப்பு நிறம். பயப்பட ஒன்றும் இல்லை. சிலருக்கு வயிறு புரட்டும். அப்படி இருந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடலாம். கால்சியம் மாத்திரையோடும் பாலோடும் சேர்த்துப் போடக் கூடாது. 2 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்" என்றார் செவிலியர்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் பேனாவை எடுத்தாள். அட்டையின் கீழே ஏழாவது வரியை எழுதினாள்.

மலம் கறுத்தால் பயம் வேண்டாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மற்ற வீடுகளுக்கு எழுதிய அட்டைகளிலும் அந்த வரியைச் சேர்த்தார்கள்.

8. தராசு முள்

இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். 9.6 கிராம். ஒன்பதாம் மாதம் 10.8 கிராம். இன்னும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் 8 இல்லை. பலப்பம் தின்னும் ஆசை எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் தராசில் வைத்தபோது மாமியார் பக்கத்தில் நின்றார். முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். அவருக்கு எண் படிக்கத் தெரியாது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"2 கிலோ 750 கிராம்."

"எழுதிக் காட்டுங்க."

செவிலியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாமியார் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த மாதம் மாலை வகுப்பில் பதின்மூன்றாவது ஆளாக அவர் சேர்ந்தார். பேத்தி மடியில் தூங்கினாள். பக்கத்தில் சிலேட்டு. முதலில் எழுதக் கற்றது 2, 7, 5, 0 என்ற எண்கள்.

பலப்பம் மறுபடியும் வேகமாகக் குறைந்தது. தொண்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். அவர் தின்னவில்லை. அழுத்தி அழுத்தி எழுதி உடைத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்துகொள்வோம்

இரும்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நான்காம் மாதம் முதல் தினமும் ஒன்று, 180 நாள் போட வேண்டும். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் போட வேண்டும்.

பிரசவத்துக்கு முன்பு 4 முறையாவது ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்ட வேண்டும்.

அயோடின் கலந்த உப்பையே சமையலில் சேர்க்க வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் தேவை.

புகையிலை, மது இரண்டும் கர்ப்பிணிக்கு ஆகாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஆகாது.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டர் சொல்வதுபோல் சாப்பிட வேண்டும்.

ரத்தம் பட்டால், வலிப்பு வந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், கடும் காய்ச்சல் வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. மருமகள் ஏன் பலப்பம் தின்றாள்?
2. கர்ப்பிணி குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று உங்கள் ஊரில் சொல்கிறார்களா? ஏன் சொல்கிறார்கள்?
3. "இதில் நான் எங்கே?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டது சரியா?
4. உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?

செய்து பாருங்கள்

1. நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று கூட்டமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கீரை, பயறு, பழம் பெயர்களை எழுதுங்கள்.
3. நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் அட்டை தயாரியுங்கள். செவிலியரிடம் காட்டித் திருத்துங்கள். படிக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு மாற்றுங்கள்.
4. அட்டையைச் சோறு பொங்கும் இடத்தில் மாட்டுங்கள்.

புதிய சொற்கள்

ரத்தசோகை, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, செவிலியர், கருப்பை, இரைப்பை, கலோரி, அங்கன்வாடி